நான்காம் பத்தியும் இரண்டாம் பக்கமும்

இந்த அறையிலுள்ள மேசையின் இடது பின்கால் மற்ற மூன்று கால்களைவிட ஒரு நெல்லளவு குட்டையாக இருக்கிறது. ஆகையால் எழுதும்போது மேசை ஆடுகிறது. எழுத்துகள் சில இடங்களில் கோணலாக விழுந்திருப்பின் அதற்குக் காரணம் மேசையே. என் கை நடுங்குவதில்லை.

காவல் நிலையத்து எழுத்தர் தாமே எழுதித் தருவதாகக் கூறினார். "நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதிக்கறேன் பெரியவரே. கடைசியில ஒரு கைநாட்டு வெச்சா போதும்" என்றார். கைநாட்டு என்னும் சொல்லை அவர் தீய எண்ணத்துடன் சொல்லவில்லை. என் கைகளைப் பார்த்தார், நகங்களில் மெருகெண்ணெய்க் கறை இருந்தது, சொல்லிவிட்டார். நான் பத்துத் தாள்களும் ஒரு பேனாவும் கேட்டேன். பதினோராம் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, மடித்து, மேசைக் காலுக்கு அடியில் வைத்தேன். இப்பொழுது அவ்வளவாக ஆடவில்லை.

ஐயா, தாங்கள் பதினொரு நாட்களாக என்னிடம் ஒரே வினாவைக் கேட்டு வருகிறீர்கள். நான் விடையளிக்கவில்லை. பேசாமல் இருப்பது எனக்குக் கடினமான செயல் அன்று. இன்று காலை நடந்த ஒரு நிகழ்ச்சியின் காரணமாகவே எழுத முன்வந்துள்ளேன். அந்நிகழ்ச்சியை அதற்குரிய இடத்தில் கூறுவேன். எதையும் வரிசைப்படி சொல்வதே முறை.

நான் தச்சன். நாற்பத்து மூன்றாம் வயது வரை எனக்கு எழுத்து தெரியாது. அளவுகளைக் கயிற்றில் முடிச்சிட்டு வைத்துக்கொள்வேன். ஒருவர் வீட்டுக் கதவின் அளவை மற்றொருவர் வீட்டுக்கு மாற்றியதாக எவரும் குறை சொன்னதில்லை. என் மனைவி பாடநூல்கள் அச்சிடும் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவளாக வேலை செய்தாள். அதாவது, அச்சாகும் முன் பிழை திருத்துபவள். எழுத்து தெரியாதவன் என்பதைச் சொல்லாமலே நான் அவளை மணந்துகொண்டேன். இரண்டு ஆண்டுகள் அவளுக்கு அது தெரியவில்லை. ஒரு நாள் அவள் வேலைக்குப் போகும்போது, சாவியை மறந்துவிட்டேன், கதவைப் பூட்ட வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதி என் இழைப்புளியின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் அச்சீட்டைப் பார்த்தேன், சட்டைப்பையில் வைத்தேன், கதவைப் பூட்டிவிட்டு வெளியே சென்றேன். மாலையில் திரும்பியபோது அவள் மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்றாள். என் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தாள். திட்டவில்லை. மறுநாள் அச்சகத்திலிருந்து முதல் வகுப்புப் பாடநூலின் கழிவுத் தாள்களைக் கொண்டுவந்தாள்.

அன்றுமுதல் அவள் என்னை மாணவரே என்று அழைத்தாள். இருவரும் தனித்திருக்கும்போது மட்டுமன்று, என் கடைக்கு வாடிக்கையாளர் வந்திருக்கும்போதும் அவ்வாறே அழைத்தாள்.

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையை இருவர் சேர்ந்து செய்வர். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சுத் தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டே ஒப்பிடுவார். படிப்பவர் சொற்களை மட்டும் படித்தால் போதாது. காற்புள்ளி வந்தால் காற்புள்ளி என்றும், முற்றுப்புள்ளி வந்தால் முற்றுப்புள்ளி என்றும், புதிய பத்தி தொடங்கினால் பத்தி என்றும் சேர்த்தே படிக்க வேண்டும். இம்முறையிலேயே அவள் எனக்கு வாசிக்கக் கற்பித்தாள். மழை உயிர்களின் நண்பன் முற்றுப்புள்ளி அது ஏரி காற்புள்ளி குளம் காற்புள்ளி கிணறு ஆகியவற்றை நிரப்புகிறது முற்றுப்புள்ளி பத்தி. நான் இன்றும் அப்படித்தான் படிப்பேன். மனத்திற்குள் படிக்கும்போதும் புள்ளிகளின் ஒலி எனக்குக் கேட்கும்.

ஒரு புள்ளியை விட்டுவிட்டால் அவள் பென்சிலால் மேசையைத் தட்டுவாள். "மாணவரே, கமாவ முழுங்கிட்டீங்க. தொண்டையில சிக்கிக்கப் போகுது, தண்ணி குடிங்க" என்பாள். நானும் சிரித்திருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் தட்டினாள். அந்த மேசை நான் செய்தது. சமையலறையில் இருக்கிறது. அதன் இடது பின்காலும் குட்டைதான். தளம் இறங்கியதால் வந்த குறை. அதைச் சரிசெய்யுமாறு அவள் ஒன்பது ஆண்டுகள் கேட்டாள். ஊருக்கெல்லாம் மேசை செய்பவன் வீட்டு மேசை ஆடுவது இயல்பே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய கண்ணில் நீர் அழுத்தம் கூடத் தொடங்கியது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கியது. அச்சக வேலையை விட்டாள். அதன்பின் நாள் முழுவதும் வீட்டில் இருந்தாள். ஒரு நாள், என் கடையின் விலைப்பலகையில் நான் எழுதியிருந்த ஒரு சொல்லைப் பற்றி, வந்திருந்தவர்களின் எதிரில் அவள் ஏதோ கூறினாள். அன்று நான் பேச்சை நிறுத்தினேன். முப்பத்தெட்டு நாட்கள் பேசவில்லை. ஓரங்களில் பார்வை இல்லாதவள் ஆகையால், நான் அறையில் இருக்கிறேனா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. "இருக்கீங்களா?" என்று கேட்பாள். நான் என் நாற்காலியில் அமர்ந்திருப்பேன். சிறிது நேரம் கழித்து மறுபடியும் கேட்பாள். சில நாட்களில் யாருமற்ற அறையிலும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று பின்னர் அவளே நீதிமன்ற மனுவில் எழுதியிருந்தாள். தன் சொந்த நாற்காலியில் ஒருவன் அமர்ந்திருப்பது எந்தச் சட்டத்தின்படியும் குற்றம் ஆகாது.

முப்பத்தொன்பதாம் நாள் அவள் தன் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தாள். அடுத்த மாதம் விவாகரத்து மனு வந்தது.

மனு வந்த பிறகு நான் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கங்கள். எழுதி முடிக்கப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. வீட்டைவிட்டுப் போக வேண்டாம் என்பது அதன் பொருள். அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, சன்னலருகே நின்று, தாளை மூக்கருகே பிடித்து இரண்டு நாட்கள் படித்தாள். மூன்றாம் நாள் கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். சிவப்புப் பென்சிலால் பதினேழு இடங்களில் திருத்தியிருந்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில், முன்னேற்றம் தெரிகிறது, என்று எழுதியிருந்தாள்.

"பதில்?" என்று கேட்டேன்.

"பதிலா? அதான் மனுவுல இருக்கே. இது நல்லா எழுதியிருக்கீங்க. அதுலயும் நாலாவது பக்கம் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள்.

அவள் தன் கண்ணால் படித்த கடைசி எழுத்து அக்கடிதமே. அடுத்த சில வாரங்களில் வெளிச்சமும் நிழலும் மட்டுமே அவளுக்கு மிஞ்சின. கண்ணில் புரையும் சேர்ந்திருக்கிறது, உடனே அறுவை சிகிச்சை செய்தால் பார்வையில் ஒரு பகுதி மீளும் என்று மருத்துவர் கூறினார். அவள் பின்னறைக்கு மாறிக்கொண்டாள். நாங்கள் ஒரே வீட்டில், ஒரே சமையலறை மேசையில், வெவ்வேறு வேளைகளில் சாப்பிட்டு வந்தோம்.

அப்பொழுதுதான் குடும்ப நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டையும் பட்டறையையும் எவ்வாறு பங்கிடுவது, அவளுக்கு மாதந்தோறும் நான் எவ்வளவு கொடுப்பது ஆகியவற்றைத் தீர்மானிக்கும் விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். இருவருக்கும் தனித்தனி உறை. உள்ளே ஒரே கடிதம். அவள் தன் உறையை மேசைமேல் வைத்து என்னை அழைத்தாள்.

"படிங்க மாணவரே."

"என்னையா படிக்கச் சொல்ற? நான் உன் எதிராளி."

"அக்கா எட்டு மணி நேரம் ரயில்ல வரணும். என் விவாகரத்து பேப்பர எடுத்துக்கிட்டு தெருவுல ஒவ்வொரு வீடாப் போய்ப் படிக்கச் சொல்லட்டுமா? நீங்களே படிங்க. கமா, புள்ளி ஒண்ணு விடக் கூடாது."

"நான் பொய்யாப் படிச்சா?"

அவள் சிரித்தாள். "பொய் சொல்லுவீங்க. கமா வெச்சு, புள்ளி வெச்சு, கோர்ட்டு பாஷையில பொய் சொல்ல உங்களுக்கு வராது. நான் சொல்லித்தரவே இல்லையே."

அவள் கூறியது உண்மை. ஒரு வாக்கியத்தைப் புதிதாகக் கட்டி, இடையில் செருகி, ஓசை பிசகாமல் படிக்க என்னால் இயலாது. அவளுடைய காது உடனே கண்டுபிடித்துவிடும். எனவே நான் எதையும் செருகவில்லை. கடிதத்தில் ஆறு பத்திகள் இருந்தன. ஐந்து பத்திகளை ஒரு புள்ளியும் பிசகாமல் படித்தேன். நான்காம் பத்தியைப் படிக்கவில்லை. ஐந்தாம் பத்திக்கு நான்கு என்றும், ஆறாம் பத்திக்கு ஐந்து என்றும் எண் சொன்னேன். எண்கள் சொற்கள் அல்ல. பாடநூலிலும் அவை தனிப் பாடமாகவே வைக்கப்பட்டுள்ளன.

அவள் முகவாயைச் சற்று உயர்த்தி, கண்களை மூடி, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஒரு முறைகூடத் தட்டவில்லை.

என்னைப் பொறுத்தவரை வக்கீல் வைத்துக்கொள்வதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். எனக்கு மரம் தரும் மரக்கடைக்காரர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ் மேஸ்திரி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? பாதி வீடு போற கேஸுய்யா. பல்லு வலிச்சா உளிய வெச்சு நீயே புடுங்கிக்குவியா? வக்கீல்கிட்ட போய்யா" என்றார். நான் என் பதில் மனுவை எடுத்துக் காட்டினேன். நானே எழுதியது. வீடு என் பெயரிலேயே இருக்க வேண்டும். பின்னறையில் அவள் ஆயுள் முழுவதும் வசிக்கலாம். கண் மருந்துச் செலவு என்னுடையது. அவர் படித்துப் பார்த்து, "எழுத்து முத்து முத்தா இருக்கு. விஷயம்தான் விஷமா இருக்கு" என்றார். முத்து முத்தாக என்று அவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டேன்.

அவளோ முடிவெடுக்க இயலாமல் தவித்தாள். அவள் கையிலிருந்த சேமிப்பு வக்கீலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ, ஏதேனும் ஒன்றுக்குத்தான் போதும். அவளுடைய அக்கா கடைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் காதில் வைத்திருந்த தொலைபேசியிலிருந்து அந்தக் குரல் எனக்கும் கேட்டது. "வக்கீல வைடி. வக்கீல் இல்லாமப் போனா அந்த ஆளு உன்னைய இழைச்சு எடுத்துருவான்." மருத்துவர் கண்ணை முதலில் பார் என்றார். ஒரு மாலை அவள் மேசையருகே அமர்ந்து, அது ஆடாமலிருக்க முழங்கையை ஊன்றிக்கொண்டு, என்னைக் கேட்டாள்.

"அக்கா ஒரு பக்கம் கத்தறா, டாக்டர் ஒரு பக்கம் கத்தறாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

"என்னையா கேக்கற?"

"இந்த ரூம்ல வேற யாராவது இருக்காங்களா? இருந்தா சொல்லிடுங்க. எனக்குத்தான் தெரியறதில்லையே."

"கண்ணுக்கு வை" என்றேன்.

அவள் மேசை விளிம்பை விரலால் தடவினாள். பிறகு, "எதிராளி சொல்ற புத்தி. ஆனா நல்ல புத்தியாத்தான் இருக்கு" என்றாள்.

"ஒரு அச்சகத்தையே திருத்தினவ நீ. ஒரு ஜட்ஜ்கிட்ட பேச உனக்கு இன்னொருத்தர் வாய் வேணுமா?"

"ஐஸ் வைக்காதீங்க" என்றாள். எனினும் மறுநாளே அப்பணத்தை மருத்துவமனையில் கட்டிவிட்டாள். நான் கூறிய அறிவுரை சரியானது என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள். எந்த வக்கீலும் ஒரு கண்ணுக்கு ஈடாகமாட்டார்.

இனி, நான்காம் பத்தி. அதை நினைவிலிருந்து எழுதுகிறேன். மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். "தமக்கென வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள வசதியற்றவர், அல்லது உடல்நலக் குறைவால் ஆவணங்களைத் தாமே படிக்க இயலாதவர், இக்கடிதம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் கோரினால், நீதிமன்றமே கட்டணமின்றி வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தரும்." ஒரு வாக்கியம், மூன்று காற்புள்ளிகள். அதாவது அவள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மூன்று வாரங்களுக்குப் பின் மருத்துவமனையிலிருந்து உறை வந்தது. இரண்டு தாள்கள். முதல் தாளில், விண்ணப்பம் ஏற்கப்பட்டது, கட்டணம் பெறப்பட்டது, அறுவை சிகிச்சை நாள் கடிதம் மூலம் தெரிவிக்கப்படும், தொலைபேசியில் விசாரிக்க வேண்டாம் என அச்சிட்டிருந்தது. எல்லாருக்கும் அனுப்பும் பொதுத் தாள். இரண்டாம் தாளில் நாள் இருந்தது. விசாரணைக்கு ஒன்பது நாட்கள் முந்தைய நாள். அதன்கீழே, "குறிப்பிட்ட நாளைத் தவறவிட்டால் பார்வையை மீட்க இயலாமற் போகலாம்" என்றும் இருந்தது.

ஒன்பது நாட்கள் என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். கட்டு அவிழ்த்துவிடுவார்கள். அவள் முதலில் எதைப் படிப்பாள்? தன் வழக்கின் கடிதத்தைப் படிப்பாள். கணக்குப் பாடத்தில் ஒரு படியிலிருந்து அடுத்த படி வருவதுபோல இதிலிருந்து அது வந்தது. முதல் தாளை முழுவதும் படித்தேன். கடைசி முற்றுப்புள்ளியைச் சொல்லி, உறையில் போட்டேன்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"இந்தப் பக்கத்துல அவ்ளோதான்" என்றேன். அது உண்மையான வாக்கியம்.

குறித்த நாளன்று மருத்துவமனையிலிருந்து கடைக்குத் தொலைபேசி வந்தது. நோயாளி ஏன் வரவில்லை என்று ஒரு செவிலி கேட்டார். "சொல்லிடறேன்" என்றேன். இது பேச்சு, எழுத்து அன்று. எனினும் எதையும் மறைக்கக் கூடாது என்பதற்காக இங்கே குறிப்பிடுகிறேன்.

நீதிமன்றக் கடிதம் வந்ததிலிருந்து விசாரணை வரை சென்ற மூன்று மாதங்களைப் பற்றி ஒன்று கூற விரும்புகிறேன். நீதிமன்றக் கடிதத்தை வாரம் ஒரு முறையாவது திரும்பப் படிக்கச் சொல்வாள். விசாரணையில் தானே பேச வேண்டும் என்பதால் மனப்பாடம் செய்தாள். மாலையில் வேலை முடித்து, கைகழுவி, எதிரெதிரே அமர்வோம். நான் படிப்பேன். அவள் கேட்பாள். பதினெட்டு ஆண்டுகளில் என் வாயிலிருந்து வந்த எதையும் அவள் குறுக்கிடாமல் கேட்டதில்லை. எங்கள் மணவாழ்வில் அவை மிக நல்ல மாதங்கள். அவளைக் கேட்டாலும் அதையே சொல்வாள் என்று எண்ணுகிறேன்.

விசாரணை நாள் வந்தது. அவளுடைய அக்கா ரயிலில் வந்து அவளை அழைத்துச் சென்றாள். சிறிய அறை, நீண்ட மேசை, நல்ல மரம், மோசமான இணைப்பு. நீதிபதி என் பதில் மனுவைப் படித்துவிட்டு, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். நானே என்றேன். பிறகு அவளிடம் திரும்பினார்.

"அம்மா, உங்களுக்கு வக்கீல் இல்லையா?"

"இல்லைங்க. கையில இருந்தத கண்ணுக்குக் கட்டிட்டேன்."

"நான்காம் பத்தியில சொல்லியிருக்கோமே. நீங்க ஏன் எழுதிக் கேக்கல?"

"நாலாவது பத்தி சொத்துப் பட்டியல் கொண்டுவரச் சொல்ற பத்திங்க."

"அது ஐந்தாவது."

"இல்லைங்க" என்றாள். எழுந்து நின்றாள். முகவாயை உயர்த்தி, கடிதத்தின் தலைப்பிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு சொல், ஒவ்வொரு காற்புள்ளி, ஒவ்வொரு பத்தி. நீதிபதி தம் பிரதியில் விரலை வைத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் பத்தி முடியும்வரை விரல் நிற்காமல் நகர்ந்தது. பிறகு நின்றது. கீழே இறங்கியது. மீண்டும் நகர்ந்தது. அவள் இறுதி முற்றுப்புள்ளியைச் சொல்லி அமர்ந்தாள்.

"உங்களுக்கு இதப் படிச்சுக் காட்டினது யாரும்மா?" என்று நீதிபதி கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே" என்றாள்.

மருத்துவமனையில் கூறியதைத் தாங்கள் அறிவீர்கள். நாள் தவறிவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. வெளிச்சம் நிழல் என்ற வேறுபாடும் அவளுக்கு இப்பொழுது இல்லை. மருத்துவமனைக் குறிப்பேட்டில் இரண்டு தாள்கள் அனுப்பியதாக உள்ளது. எங்கள் வீட்டு உறையில் ஒன்றே இருந்தது. இரண்டாம் தாள் எங்கே என்பதே பதினொரு நாட்களாகத் தாங்கள் கேட்ட வினா. அது எங்கள் வீட்டுக்கு வந்ததை மெய்ப்பிக்க இயலாவிட்டால் வழக்கு நிற்காது என்பதும் எனக்குத் தெரியும்.

இனி இன்று காலை நடந்தது. எனக்கென அரசு அமர்த்திய வக்கீல் பெண் வந்தார். என் மகளாக இருக்கக்கூடிய வயது. மிக மகிழ்ச்சியாக இருந்தார். "ஐயா, கவலைப்படாதீங்க. உங்க மனைவியே உங்களக் காப்பாத்திட்டாங்க" என்று கூறி, அவள் கொடுத்திருந்த வாக்குமூலத்தை எடுத்தார். இரண்டு முறை படித்துக் காட்ட வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனையாம். காற்புள்ளி முற்றுப்புள்ளிகளுடன். வக்கீல் பெண் வெட்கத்துடன் அவ்வாறே படித்தார். புள்ளிகளை நீக்கி இங்கே தருகிறேன்.

"என் வீட்டுக்காரருக்குப் படிப்பு முழுசா வரலைங்க. சொல்லிக்கொடுத்தது நான்தான், குறை என்மேலதான். மழை, மரம், பசு, இந்த மாதிரிப் பாடமெல்லாம் நல்லாப் படிப்பாரு. அதுக்கு மேல போனா எழுத்துக்கூட்டுவாரு, அர்த்தம் பிடிபடாது. நாலாவது பத்தியில பெரிய வாக்கியம், பயந்து தாண்டியிருப்பாரு. ஆஸ்பத்திரி லெட்டர்ல ரெண்டாவது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அவ்ளோ விவரமா ஒரு காரியம் பண்ற அளவுக்கு அவருக்கு எழுத்து வராதுங்க. பாவம், விட்டுடுங்க. எங்க வீட்டு மேசை இப்பல்லாம் ஆடறதே இல்ல."

கடைசி வாக்கியம் பொருத்தமற்றது என்று வக்கீல் பெண் சொல்லிப் பார்த்தாராம், இருக்கட்டும் என்றாளாம். ஏன் அதைச் சேர்த்தாள் என்று எனக்கும் விளங்கவில்லை. துயரத்தில் இருப்பவர்கள் தொடர்பில்லாமல் பேசுவதுண்டு.

"இது போதும் ஐயா" என்றார் வக்கீல் பெண். "படிப்பறிவு குறைவு, தெரியாம நடந்த தவறு. நீங்க வாயே திறக்க வேண்டாம். சும்மா இருந்தாலே வெளிய வந்துடலாம்."

அவருடைய உதவி எனக்குத் தேவையில்லை என்று அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். இந்த வழக்கில் எனக்கு வக்கீல் வேண்டாம். எழுத்தறியாதவன் என்று சொல்லி என்னை விடுவிக்க எவருக்கும் நான் அதிகாரம் அளிக்கவில்லை. அவ்வாறு விடுதலையாகி, மரக்கடைக்காரரின் முகத்தில் எவ்வாறு விழிப்பேன்?

எனவே பின்வருவனவற்றைப் பதிவு செய்யக் கோருகிறேன். நான்காம் பத்தியை நான் படித்தேன். அதன் பொருளை முதல் வாசிப்பிலேயே முழுமையாக உணர்ந்தேன். இரண்டாம் தாளை எட்டு முறை படித்தேன். மீட்க இயலாமற் போகலாம் என்பதன் பொருள் குருடாகிவிடுவாள் என்பதே. இதை அறிய எனக்கு எவருடைய துணையும் தேவைப்படவில்லை. அறிந்தே செய்தேன். எழுத்துக்கூட்டிப் படிப்பவனால் இதைச் செய்திருக்க இயலாது. பயந்து தாண்டினேன் என்பது அப்பட்டமான பொய். அந்த நீண்ட வாக்கியத்தை இன்று நினைவிலிருந்து எழுதிக் காட்டியிருக்கிறேன்; பிழை இருந்தால் சுட்டிக்காட்டட்டும்.

இரண்டாம் தாள் எங்கள் சமையலறை மேசையின் இடது பின்காலுக்கு அடியில், எட்டாக மடிக்கப்பட்டு இருக்கிறது. அதை எரித்திருக்கலாம். அச்சிட்ட எழுத்தை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் நாள்தோறும் அம்மேசையில் முழங்கையை ஊன்றி, நாள் எப்பொழுது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மேசை ஆடாமல் இருந்ததால் அவளுக்கு வசதியாகவே இருந்திருக்கும். தச்சன் எவனும் மேசைக் காலுக்குக் காகிதம் மடித்து வைக்கமாட்டான், ஆப்பு வைப்பான் என்பது அவளுக்குத் தெரியும்; நான் வேலை செய்வதை இருபது ஆண்டுகள் பார்த்தவள். ஆயினும் சுத்தியல் ஓசையின்றி மேசையின் ஆட்டம் நின்ற அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. தாளை எடுக்க இருவர் வேண்டும். கனமான மரம். ஒருவர் மேசையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வேறு யாரேனும் அதைக் கண்டெடுத்திருந்தால், படிக்கத் தெரியாத கிழவன் கையில் கிடைத்த தாளை மடித்து வைத்தான் என்றே வாதிட்டிருப்பார்கள். அதற்கு இடம் கொடாமல் நானே தெரிவித்துவிட்டேன்.

ஐயா, ஒரு வேண்டுகோள். இதை என் மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டும். நிலையத்து எழுத்தர் வேண்டாம். அவர் விழுங்கி விழுங்கிப் படிக்கிறார். நிதானமாக, காற்புள்ளிகளுடன் படிக்கத் தெரிந்த ஒருவரைக்கொண்டு படித்துக் காட்டுங்கள். அவள் எத்தனை முறை தட்டினாள் என்பதை மட்டும் எனக்குத் தெரிவித்தால் போதும்.

மேற்கூறிய அனைத்தையும் நான் தெளிந்த மனத்துடன், என் கையால், பத்துத் தாள்களில் எழுதியுள்ளேன். இவ்வாறு எழுதுமாறு என்னை எவரும் தூண்டவில்லை.